ஆப்பிள் பச்சை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பிரவுசிங் சென்டருக்குள் இருந்தவர்கள்: கடைக்காரன் தன்வீர்; முதல் கம்ப்யூட்டரில், மலைக்கோயிலில் மொட்டை போட்ட தலையில் பூசிய சந்தனம் காயாமல், ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்க்க வந்த ஆந்திரத்து நகரிக்காரர் ஒருவர்; இரண்டாவதில், மகளுக்கு ஜாதகம் அச்செடுக்க வந்த தாலுகா ஆபீஸ் பியூன்; மூன்றாவதில், திரையைத் தோளால் மறைத்துக்கொண்டிருந்த இரண்டு பாலிடெக்னிக் மாணவர்கள்; ஓரத்து ஸ்டூலில், பிளஸ் டூ படிக்கும் தன்வீரின் தங்கை சபீரா; கதவையொட்டி பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சபீராவின் கெமிஸ்ட்ரி டீச்சர் கோமளவல்லி.

நாலாவது கம்ப்யூட்டர் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன் மேல் ஜெராக்ஸ் பேப்பர் அடுக்கியிருந்தார்கள். கோமளா வந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மூன்றாவது கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் வேகமானது. அது காலியாகிற வழியைக் காணோம்.

தன்வீர் எழுந்து போய் மாணவர்களின் பின்னால் நின்றான். "டீச்சர் எவ்ளோ நேரமா ஒக்காந்துகினு இருக்காங்க. எழுந்திருங்கடா. உங்க ஆளு சாயங்காலமும் அதே பேர்லதான் சாட்டுக்கு வருவா. அவ பொண்ணே கெடையாது, அது வேற கதை."

மாணவர்கள் முகம் சிவக்க எழுந்து போனார்கள். கோமளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இது மூன்றாவது ஞாயிறு.

எல்லாம் ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் சுடர் சோதனை பாடம். எந்த உப்பைச் சுடரில் காட்டினால் எந்த நிறம் வரும் என்று புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. கால்சியம், செங்கல் சிவப்பு. ஸ்ட்ரான்சியம், கருஞ்சிவப்பு. பேரியம், ஆப்பிள் பச்சை. கோமளா அதைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் சபீரா எழுந்தாள். "செங்கல் தெரியும் டீச்சர். ஆப்பிள் எப்டி பச்சையா இருக்கும்?" கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "பழுக்காததா இருக்கும்" என்றான். நாற்பத்து மூன்று பேரும் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். ஆனால் பச்சை ஆப்பிளை அவளும் பார்த்ததில்லை. பேரியம் எரிவதைக் கல்லூரியில் ஒரு முறை, ஏழெட்டுத் தலைகளுக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தாள். பச்சை என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டும் பச்சையாகத்தான் எரியும். இரண்டு பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவன் பரீட்சையில் உப்பின் பெயரை மாற்றி எழுதிவிடுவான்.

பள்ளியில் எரித்துக் காட்ட வழியில்லை. ஆய்வகத்தில் இரண்டு அலமாரிகளில் நாற்பது பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டியிருந்தது. முக்கால்வாசி பாட்டில்களில் இருந்தது போர்வெல் தண்ணீர். நீலமாக இருந்த ஒன்றில் மட்டும் உரக்கடையில் வாங்கிய மயில்துத்தம் கரைத்திருந்தது. பர்னர் எட்டு உண்டு. கேஸ் சிலிண்டர், பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் நாகராஜன் வீட்டுச் சமையலறையில் இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் மட்டும் உண்மையான ரசாயனங்கள் அரக்கோணத்திலிருந்து ஒரு அட்டைப் பெட்டியில் வரும். மறுநாள் தேர்வோடு தீர்ந்துவிடும்.

இத்தனை வருடம் அது பிரச்சினையாக இல்லை. தேர்வாளர் பக்கத்து ஊரிலிருந்து வருவார். எந்த மாணவனுக்கு எந்த உப்பு என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மாணவர்கள் மனப்பாடமாக எழுதுவார்கள். இந்த வருடம் வேறு மாவட்டத்து ஆள் வரப்போவதாகவும், உப்பை அவரே எடுத்துக் கொடுப்பார் என்றும் பேச்சு வந்திருந்தது. பிப்ரவரி ஏழாம் தேதி தேர்வு. இருநூறில் ஐம்பது மதிப்பெண் அதில் இருக்கிறது. சோதனைக் குழாயில் என்ன வந்தால் எது என்று ஒரு முறையாவது கண்ணால் பார்த்திராத நாற்பத்து மூன்று பேர் அன்றைக்கு அந்தக் குழாயைக் கையில் பிடிக்கப்போகிறார்கள். கோமளா இதை நாகராஜனிடம் சொன்னாள். மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள் என்றார்.

அதனால்தான் பிரவுசிங் சென்டர்.

முதல் ஞாயிறு அவள் உப்புப் பகுப்பாய்வு என்பதை ஆங்கிலத்தில் அடித்தபோது ரத்தக் கொதிப்புக்காரர்கள் எவ்வளவு உப்பு சாப்பிடலாம் என்று வந்தது. பிறகு வந்த ஒரு பக்கம் பள்ளியின் குறியீட்டு எண்ணைக் கேட்டது. இன்னொன்று கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டது. "நம்ம தெருவுல யார்கிட்டயும் கெடையாது டீச்சர்" என்று தன்வீர் அதை மூடினான். மூன்றாவது பக்கத்தில் ஒரு ஆய்வகமே இருந்தது. மவுஸால் பாட்டிலைத் தூக்கி ஊற்றலாம் என்று போட்டிருந்தது. அதற்கு ஏதோ ஒரு புரோகிராமை இறக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் இறங்கியது. முடிந்ததும், இந்தக் கம்ப்யூட்டரின் சக்தி போதாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

இரண்டாம் ஞாயிறு தமிழில் ஒரே ஒரு பக்கம் கிடைத்தது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாரோ எழுதியது. ஒட்சிசன், ஐதரசன் என்றிருந்தது. விளக்கம் சுத்தமாக இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளைகள் தேர்வில் ஒட்சிசன் என்று எழுதினால் திருத்துகிறவர் சுழித்துவிடுவார். அன்றைக்கு மின்சாரமும் போய்விட்டது.

இன்று பதினொன்றரை மணிக்கு, தேடலின் ஒன்பதாம் பக்கத்தில், மஞ்சள் பின்னணியில் ஒரு பக்கம் திறந்தது. வெளிநாட்டுக் கல்லூரி ஆசிரியர் யாரோ தன் மாணவர்களுக்காகச் செய்து வைத்திருந்தார். அலங்காரம் இல்லை. எண்ணையும் கேட்கவில்லை, கார்டையும் கேட்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு படம் இருந்தது. சுடர்களுக்கு மட்டும் சின்னச் சின்ன வீடியோ.

பேரியத்தின் படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. முதலில் கருப்பு. பிறகு சுடரின் நுனி. கோமளா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். சபீரா ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முழுப் படமும் இறங்க நான்கு நிமிடம் ஆனது.

"இதுவா" என்றாள் சபீரா. கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது வாழைக்குருத்து டீச்சர்."

அதேதான். விரியாத வாழையிலையின் நிறம், மஞ்சள் கலந்த பச்சை. தன்வீர் எட்டிப் பார்த்தான். "அப்ப புக்குல எதுக்கு ஆப்பிள்னு போட்டானுங்க? வாழைக்குருத்துன்னு போட்டா மார்க்கு கொறஞ்சிடுமா?"

கோமளா மூன்று வருடத்துக்கு முந்தைய டைரியைத் திருப்பி, அதன் காலிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

படங்களைச் சேமித்த பிறகு வீடியோவை இறக்கப் போட்டார்கள். பன்னிரண்டு சதவீதம், முப்பத்தொன்று, ஐம்பது. நகரிக்காரரும் பியூனும் போய்விட்டார்கள். சபீரா வீட்டிலிருந்து டீ கொண்டுவந்தாள். எண்பத்து மூன்றில் போன் அடித்தது. அந்த லைனில் யார் கூப்பிட்டாலும் இணைப்பு அறுந்துவிடும். தன்வீர் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தான். கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தான்" என்று நீட்டினான்.

பள்ளி கிளார்க் பங்காரு. "அம்மா, வீட்டாண்ட கேட்டேன், இங்க இருக்கிறதா சொன்னாங்க. வியாழக்கெழமை இன்ஸ்பெக்ஷன். அங்கீகாரம் புதுப்பிக்க வர்றாங்க. சார் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. கம்ப்யூட்டர்ல பாடம் நடத்துறா மாதிரி ஏதாச்சும் இருந்தா எடுத்தாரச் சொன்னாரு."

திரையில் கோடு எண்பத்து மூன்றில் நின்றிருந்தது. மறுபடி போட்டால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். தன்வீர் போட்டான். மூன்று முறை அறுந்த பிறகு, படங்களே போதும் என்றாள் கோமளா.

திங்களும் செவ்வாயும் பள்ளி விட்டதும் அவள் நேராக அங்கே வந்தாள். படங்களோடு தமிழில் விளக்கம் சேர்க்க வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்க தன்வீர் வைத்திருந்த தமிழ் எழுத்தில் சபீரா அடித்தாள். கோமளா சொல்லச் சொல்ல, சபீரா அடித்து, திரும்ப வாசித்துக் காட்டினாள். முதல் நான்கு பக்கம் செய்முறை விளக்கம். ஐந்தாம் பக்கத்திலிருந்து படங்கள். பேரியம் ஒன்பதாம் பக்கம். அதற்குக் கீழே, ஆப்பிள் பச்சை, அதாவது வாழைக்குருத்து நிறம், என்று அடித்திருந்தாள்.

தன்வீர் எல்லாவற்றையும் ஒரு சிடியில் எழுதிக் கொடுத்தான். எழுதி முடித்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. டிராயரைக் குடைந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து அதில் எதையோ ஏற்றினான்.

"டீச்சர், இது முக்கியம். நம்ம தமிழ் ஃபாண்ட் உங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இருக்காது. மொதல்ல இத ஏத்திட்டு அப்பால சிடியப் போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. இல்லனா எழுத்து எல்லாம் கிறுக்குப் புடிச்ச மாதிரி வரும்."

புதன்கிழமை காலை அவள் நாகராஜனிடம் கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கேட்டாள். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குத்தான் திறப்பது, தூசி பட்டால் கெட்டுவிடும் என்றார். மதியம் மறுபடி கேட்டாள். அந்த அறையில் ஐந்து கம்ப்யூட்டர் இருந்தன. உயிருள்ளது ஒன்று. மற்ற நான்கும் வெறும் திரைகள். அவை எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் மூன்றாம் முறை கேட்டபோது, "உங்களுக்கு என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் நாகராஜன்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு பங்காரு அவளை வராந்தாவில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒனக்குத் தெரியாதது இல்லம்மா. ரெஜிஸ்டர்ல நீ லேப் அட்டெண்டர்தான். ஸ்வர்ணா மேடம் வந்துகினு இருக்காங்க."

தெரியாதது இல்லைதான். எம்.எஸ்ஸி. படித்த பழைய டீச்சர் ஆறு வருடத்துக்கு முன் மெட்ராஸ் போனதிலிருந்து பாடம் நடத்துவது கோமளா. அவள் பி.எஸ்ஸி. சம்பளம் லேப் அட்டெண்டருக்கு உரியது. கெமிஸ்ட்ரி டீச்சர் என்ற கட்டத்தில் இருந்த பெயர் ஸ்வர்ணா, எம்.எஸ்ஸி., பி.எட். அவள் அரக்கோணத்தில் வீட்டோடு இருந்தாள். இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் வருவாள்.

ஸ்வர்ணா ஒன்பது மணிக்கு வந்து, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, ஜூன் முதல் ஜனவரி வரைக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். மூன்று பேனாக்களை மாற்றி மாற்றிப் போட்டாள். கோமளா பக்கத்தில் நின்று சிடியில் என்ன இருக்கிறது என்று சொன்னாள். ஃப்ளாப்பியைப் பற்றியும் சொன்னாள். ஸ்வர்ணா தலையாட்டிக்கொண்டே செப்டம்பரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு கம்ப்யூட்டர் தொடக்கூடத் தெரியாதுக்கா. நீங்களே வந்து போட்டுக் குடுத்துடுங்க" என்றாள். கெட்டவள் இல்லை.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. பங்காரு ஓடிப்போய் கம்ப்யூட்டர் அறையைத் திறந்தார். திரைகளின் மேலிருந்த துணிகளை உருவினார்கள். நாற்பத்து மூன்று பேரையும் உள்ளே அடைத்தார்கள். நாகராஜன் கோமளாவின் கையிலிருந்து சிடியை வாங்கி, தானே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, அவளை டீ கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

அவள் தட்டோடு திரும்பி வந்தபோது அதிகாரி முன்வரிசை நாற்காலியில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஸ்வர்ணா திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் பக்கம் திறந்திருந்தது.

ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஏ-க்கு மேல் தொப்பி, யூ-வுக்கு மேல் இரண்டு புள்ளி, டாலர் குறி, தலைகீழான கேள்விக்குறி, நடுநடுவே எண்கள். பக்கம் முழுக்க, மேலிருந்து கீழே, வரிசை கலையாமல் அப்படியே இருந்தது.

கோமளாவின் இடது கையில், தட்டின் அடியில், ஃப்ளாப்பி இருந்தது.

"இது என்னம்மா?" என்றார் அதிகாரி.

ஸ்வர்ணா திரையைப் பார்த்தாள். கோமளாவைப் பார்த்தாள். பிறகு, "ஈக்வேஷன்ஸ் சார்" என்றாள்.

அதிகாரி தலையாட்டினார். தான் ஹிஸ்டரி படித்தவன் என்றும், கெமிஸ்ட்ரி என்றாலே பள்ளியில் காய்ச்சல் வந்துவிடும் என்றும் சொன்னார். நாகராஜன் பலமாகச் சிரித்தார். கோமளா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சார், எழுத்து சரியா வரல. ரெண்டு நிமிஷம் குடுத்தீங்கன்னா..."

"டீய வச்சிட்டுப் போம்மா" என்றார் நாகராஜன். அதிகாரியிடம் திரும்பி, "அட்டெண்டர். கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தி" என்றார்.

அவள் டீயை வைத்தாள். போகவில்லை. சுவரோரமாக நின்றாள்.

பசங்களுக்கு இது புரிகிறதா என்று அதிகாரி கேட்டார். யாரையாவது எழுந்து படிக்கச் சொன்னார். நாகராஜனுக்கு முதல் மார்க் வாங்குகிற பெண்ணின் முகம் தெரியும். சபீராவைக் காட்டினார்.

சபீரா எழுந்தாள். திரையைப் பார்த்தாள். அவள் அடித்ததுதான். எந்த வரி எங்கே முடிகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஒரு முறை கோமளாவைத் திரும்பிப் பார்த்தாள். கோமளா எந்த ஜாடையும் காட்டவில்லை. என்ன ஜாடை காட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

சபீரா படிக்க ஆரம்பித்தாள். "உப்புக் கரைசலுடன் நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட் கரைசலும் சேர்க்கத் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகிறது. இவ்வீழ்படிவு அம்மோனியாவில் கரைகிறது. எனவே குளோரைடு உறுதி செய்யப்படுகிறது." குரலில் தடங்கல் இல்லை. வரி மாறும்போது கண்ணையும் சரியாகக் கீழே இறக்கினாள்.

அதிகாரி டீயை ஒரு வாய் குடித்தார். "ரொம்ப நல்லா தயார் பண்ணியிருக்கீங்க" என்று ஸ்வர்ணாவிடம் சொன்னார். மடியிலிருந்த ஃபைலில் எழுதினார். கோமளா நின்ற இடத்திலிருந்து அந்தத் தாள் தெரிந்தது. வந்திருந்தோர் என்ற தலைப்பின் கீழே தாளாளர் பெயர், வேதியியல் ஆசிரியை பெயர், மாணவர் எண்ணிக்கை. கணினி வழிக் கற்பித்தல் என்ற இடத்தில் டிக் அடித்தார்.

இரண்டாம் பக்கத்துக்குப் போகவில்லை. மலைமேல் உச்சிக்கால பூஜைக்குச் சிறப்பு தரிசனம் ஏற்பாடாகியிருந்தது. நாகராஜன் கடிகாரத்தைக் காட்டினார். ஸ்வர்ணாவும் அவர்களோடு போனாள். வாசலைத் தாண்டும்போது கோமளாவின் கையை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள்.

அறையில் சத்தமே இல்லை. கோமளா திரும்பிப் பார்த்தாள். குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். திரையில் எது வந்தாலும் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று நேற்று அவள்தான் சொல்லியிருந்தாள். கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து வந்து நோட்டை நீட்டினான். ஏ-க்கு மேல் தொப்பி, யூ-வுக்கு மேல் இரண்டு புள்ளி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தப்பில்லாமல் எழுதியிருந்தான்.

"சரியா இருக்கா டீச்சர்? கையெழுத்துப் போடுங்க. இது ஏழாந்தேதி வருமா?"

"ஒக்காரு" என்றாள். "எல்லாரும் ஒக்காருங்க. இது இல்ல. காட்டறேன்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஃப்ளாப்பியைச் செருகினாள். திரை அணைந்தது. ஃபேனும் நின்றது. வாசலில் பங்காரு, மெயின் சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தார்.

"நைனா, அஞ்சு நிமிஷம்" என்றாள். அவரை அதுவரை அவள் அப்பா முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. "ஒம்பதாவது பக்கம் மட்டும் காட்டிட்டு நானே அணைச்சிடறேன்."

"சார் ஜீப்ல ஏறும்போது சொல்லிட்டுப் போனாரும்மா. அப்டியே மூடிடுன்னு. அந்த நாலு டி.வி. பெட்டிங்கள இன்னிக்கே திருப்பிக் குடுக்கணுமாம்." அவர் குரல் தாழ்ந்தது. "நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. என் பேரு மட்டும் ரெஜிஸ்டர்ல சரியாவா இருக்குது?"

பிள்ளைகளை வரிசையாக வெளியே அனுப்பினார். சபீரா கோமளாவைத் தாண்டிப் போகும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டைத் திறக்கவே இல்லை அவள்.

கோமளா சிடி தட்டின் பொத்தானை அழுத்தினாள். கரண்ட் இல்லாமல் அது திறக்காது. நகத்தை விட்டு நெம்பினாள். நகம்தான் மடங்கியது. ஃப்ளாப்பியை மட்டும் உருவ முடிந்தது.

"போகலாம்மா" என்றார் பங்காரு. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரைகளின் மேல் போட்டார். உயிருள்ள கம்ப்யூட்டருக்கு இரண்டு துணி.

அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் சபீராவைத் தவிர நாற்பத்து இரண்டு பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையெழுத்துக்காக வரிசையில் நின்றிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் பங்காரு கதவைச் சாத்தி, தாழ் போட்டு, பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.